45 எழுத்து நோய்!

விம்கோ நகர்! ரயில் நிலையத்துப் பலகையில் இருக்கிறது அந்தப் பெயர். 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையைத் தாண்டி வடக்கே நீண்ட மெட்ரோவின் பலகையிலும் மின்னுகிறது. நாள்தோறும் பல்லாயிரவர் அப்பெயரைச் சொல்லிச் சீட்டு வாங்குகின்றனர், இறங்குகின்றனர், வீடு செல்கின்றனர். பொருள் யாதெனக் கேட்டால், பத்துப் பேரில் ஒருவர் சொன்னாலே வியப்பு. வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி, அதாவது மேற்கிந்தியத் தீப்பெட்டிக் கம்பெனி! சுவீடன் நாட்டுத் தீப்பெட்டி முதலாளிகள் 1923இல் இந்தியாவில் தொடங்கியது அது. பம்பாய்ப் பக்கம் பிறந்த கம்பெனி, திருவொற்றியூரில் ஓர் ஆலை வைத்தது. நீண்ட பெயரின் தலையெழுத்துகளைக் கிள்ளி எடுத்துக் கோத்ததே விம்கோ. ஆலையின் பெயர் ஊரின் நெற்றியில் ஒட்டிக்கொண்டது. வங்கக்கடலின் அலையோசை கேட்கும் கீழைக் கரையில் ஓர் ஊர், அதன் பெயருக்குள்ளே மேற்கு!

இதிலே தீங்கொன்றும் இல்லை. பொருள் தெரியாத சொல்லைச் சொன்னாலும் வண்டி சரியான இடத்திலேதான் நிற்கிறது. பொருள் தெரியாத சொல்லைக் கேட்டதும் கைகட்டி, வாய்பொத்தி, 'ஆகா, அறிவாளி!' என்று வியந்து நிற்கிறோமே, அதிலேதான் தீங்கு. அதைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

ஆங்கிலவழிப் பள்ளி ஒன்றின் ஆண்டு விழாவை எண்ணிப் பாருங்கள், தோழர்களே! மின்விளக்கு அலங்காரம், மேடை, மாலையுடன் சிறப்பு விருந்தினர். ஏழெட்டு வயதுச் சிறுமி ஒலிபெருக்கி முன் வருகிறாள். மூச்சை இழுத்துப் பிடித்து முழங்குகிறாள்: "நியூமோனோஅல்ட்ராமைக்ரோஸ்கோபிக்சிலிகோவால்கேனோகோனியோசிஸ்!" கைதட்டல் கூரையைப் பிளக்கிறது. முன்வரிசையில் தந்தை கண்ணீர் மல்க நிற்கிறார். பகலெல்லாம் துறைமுகத்துச் சரக்குப் பெட்டிகளுக்கிடையே உழன்றவர், கடன்பட்டுக் கட்டணம் கட்டியவர். மகள் சொன்னது நோயின் பெயரா, நாட்டின் பெயரா என்பது அவருக்குத் தெரியாது. மகளுக்கும் தெரியாது. சிறப்பு விருந்தினருக்கு? அவரும் கைதட்டுகிறார், அவ்வளவுதான் நமக்குத் தெரியும்!

சிறுமியைக் குறை கூறுவார் உண்டோ! அவள் நினைவாற்றல் பெரிது, நாவன்மை பெரிது. தந்தையின் ஆசையும் பெரிது. அந்த ஆசையை, பொருளற்ற ஓசைக்கு விலை பேசி விற்கிறார்களே, அந்த வணிகத்தின் மேல்தான் நம் வழக்கு. போட்டிக்கென்று நீண்ட சொற்பட்டியல், விளையாட்டுக்கென்று நெடுஞ்சொல் தொகுப்பு, புலமைக்கென்று புரியாச் சொல் அகராதி! வாங்குவோர் யார்? ஆங்கிலத்தில் பிறந்து ஆங்கிலத்தில் வளர்ந்தவரல்லர். பிள்ளை எப்படியாவது மேலேறிவிட வேண்டுமென்று ஏங்கும் எளியவரே.

அந்த 45 எழுத்துச் சொல் எங்கே பிறந்தது? மருத்துவமனையிலா? ஆராய்ச்சிக் கூடத்திலா? இல்லை. 1935இல், அமெரிக்காவில், புதிர் போடுவோர் கூட்டத்திலே! தேசியப் புதிர்ச் சங்கத்தின் தலைவர் எவரெட் சுமித் கட்டிய சொல் அது. அதுவரை இருந்தவற்றைவிட நீளமாக ஒன்று வேண்டும் என்பதற்காகவே கட்டியது. நுரையீரலைக் குறிக்கும் துண்டு ஒன்று, நுண்ணோக்கிக்கும் எட்டாத நுண்மைக்குத் துண்டு ஒன்று, சிலிக்காவுக்கு ஒன்று, எரிமலைக்கு ஒன்று, தூசிக்கு ஒன்று, நோய்க்கு ஒன்று. கிரேக்கத்தையும் இலத்தீனையும் ஒட்டுப்போட்டுத் தைத்த கந்தலாடை. எரிமலையின் நுண்தூசியை மூச்சில் இழுத்து வரும் நுரையீரல் நோய் என்பது பொருளாம். ஆக்ஸ்போர்டு அகராதி இதற்கு இடமளித்தது. ஆயினும் இது செயற்கையாகச் சமைத்த சொல் என்று பக்கத்திலேயே குறித்தும் வைத்தது. மருத்துவர்கள் அந்நோயைச் சிலிகோசிஸ் என்கிறார்கள். ஆங்கிலத்தில் 9 எழுத்து, முடிந்தது!

அந்த 9 எழுத்துக்குப் பின்னே இருப்பது விளையாட்டன்று. கல்லை உடைக்கையில், குடைகையில், அரைக்கையில் எழும் தூசியில் சிலிக்காத் துகள்கள் இருக்கின்றன. அவை நுரையீரலுக்குள் சென்று தங்குகின்றன. தங்கிய இடமெல்லாம் தழும்பாகிறது. நுரையீரல் இறுகுகிறது, மூச்சு குறுகுகிறது. குணப்படுத்தும் மருந்து இன்றளவும் இல்லை. காசநோயும் எளிதில் வந்து சேர்கிறது.

புதிர்ச் சங்கத்தார் கூடி மகிழ்ந்த காலத்திலே அதே அமெரிக்காவில் நடந்தது என்ன? மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில், காலி பிரிட்ஜ் என்ற ஊரருகே, ஆற்றைத் திருப்பிவிட மலையைக் குடைந்தார்கள். ஹாக்ஸ் நெஸ்ட் சுரங்கம் என்று பெயர். 1930இல் தொடங்கிய வேலை. குடையக் குடைய வந்த பாறையோ பெரும்பாலும் சிலிக்கா. தண்ணீர் பாய்ச்சித் துளையிட்டால் தூசி அடங்கும் என்பது அன்றே அறிந்த செய்தி. ஆனால் நீர் தெளித்தால் நேரம் ஆகுமே, நேரம் போனால் இலாபம் போகுமே! உலர்ந்த பாறையிலேயே துளையிடச் செய்தனர். உள்ளே சென்றோரில் மிகப்பலர் தெற்கிலிருந்து பிழைப்புத் தேடி வந்த கறுப்பினத் தொழிலாளர். நூற்றுக்கணக்கில் மாண்டனர். பின்னாளில், 1986இல், அதைப்பற்றி நூலெழுதிய மருத்துவர் மார்ட்டின் செர்னியாக் மதிப்பிட்ட எண்ணிக்கை 764. அமெரிக்கப் பாராளுமன்றக் குழு இதை விசாரித்தது 1936இல். ஓராண்டு முன்பு 45 எழுத்துச் சொல் பிறந்தாயிற்று! அந்தச் சுரங்கத்துக்கு உடையவர் யாரென்று கேட்பீர்கள். யூனியன் கார்பைடு. ஆம், 1984இல் போபாலில் நள்ளிரவில் நச்சுக்காற்றைப் பரப்பிய அதே யூனியன் கார்பைடுதான்.

நோயின் பெயரை நீட்டிச் சொன்னவருக்குப் பரிசு உண்டு. நோயைப் பெற்றவனுக்குப் புதைகுழி உண்டு. என்னே உலகம்!

அமெரிக்கா தொலைவென்று கருத வேண்டா. மத்தியப் பிரதேசத்தில் மண்ட்சோர் என்றொரு வட்டாரம். அங்கே சிலேட்டுக் குச்சி செய்தார்கள், நம் வீட்டுப் பிள்ளைகள் பல்பம் என்று சொல்வார்களே, அதேதான். கல்லை அறுத்துக் குச்சியாக்கும் பட்டறைகளில் தூசி மூடுபனிபோல் நின்றது. தொழிலாளர் நுரையீரல் இறுகி இளவயதிலேயே இறந்ததை மருத்துவ ஆய்வாளர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். ஏழைப் பிள்ளைகள் எழுத்துப் பழகும் குச்சியைச் செய்துகொடுத்தவனுக்கு, எழுத்தறிவில்லாத அந்த ஏழைக்கு, வந்த நோய் சிலிகோசிஸ். அந்நோயின் பெயரை நீட்டி முழக்கினால் மேடையில் கோப்பை!

விம்கோ நகரென்று தொடங்கினோம். தீப்பெட்டிக்கும் இதுபோல் ஒரு கதை உண்டு. தீக்குச்சியின் முனையில் வெள்ளைப் பாஸ்பரஸ் பூசிய காலம் ஒன்றிருந்தது. அந்த ஆவி பட்டுப்பட்டுத் தொழிலாளர் தாடையெலும்பு அழுகியது. மருத்துவர் அதற்கு வைத்த பெயர் பாஸ்பரஸ் நெக்ரோசிஸ். இலண்டன் தீப்பெட்டி ஆலைப் பெண்கள் வைத்த பெயர் 'ஃபாசி ஜா'. பாஸ்பரஸைக் குறுக்கி, தாடையோடு சேர்த்தார்கள். இரண்டே சொல், அதில் நோயும் இருக்கிறது, நோய் தந்ததும் இருக்கிறது. 1888இல் அப்பெண்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களுக்காக எழுதியவர் அன்னி பெசன்ட். அன்று அவர் நாத்திகர். பின்னர் அடையாற்றில் வந்தமர்ந்து என்ன பேசினார் என்பது வேறு கதை, இங்கே வேண்டா! வெள்ளைப் பாஸ்பரஸுக்கு 1906இல் பெர்ன் நகரில் பல நாடுகள் கூடித் தடை எழுதின. இந்தியாவில் 1913இல் சட்டம் வந்தது. ஆகவே திருவொற்றியூரில் ஆலை எழுந்தபோது அந்த நஞ்சு விலகிவிட்டது. விலக்கியது எது? ஆலைப் பெண்கள் தங்கள் நோயைத் தங்கள் சொல்லால் உரக்கச் சொன்னதும் அதற்கொரு காரணம். புரிந்த சொல்லாக இருந்ததாலன்றோ ஊரே கேட்டது!

பாட்டாளி சூட்டும் பெயர் குறுகியது, மருத்துவர் சூட்டும் பெயர் அதனினும் நீண்டது, வேலையற்ற விளையாட்டுக்காரர் சூட்டும் பெயரோ எல்லாவற்றிலும் நீண்டது. நோவு யாருக்கு நெருக்கமோ அவர் சொல் சிறிது. நம் இலக்கணத்தைத் திறந்து பாருங்கள். ஓரெழுத்தே ஒரு சொல்லாவன 42 என்று எண்ணி வைத்திருக்கிறது நன்னூல். அவற்றுள் ஒன்று தீ. அந்த ஒற்றை எழுத்துக்காகவே ஓர் ஆலை எழுந்தது, ஆலையால் ஓர் ஊர்ப்பெயர் எழுந்தது. மற்றொன்று நோ. வருத்தமும் நோவும் அதன் பொருள். அவர்களுக்கு 45 எழுத்து தேவைப்பட்டது, தமிழுக்கு ஒன்று போதுமாயிற்று!

மற்ற நெடுஞ்சொற்களையும் ஒரு பார்வை பார்ப்போம். 29 எழுத்தில் ஒன்று: ஃப்ளாக்சினாசினிஹிலிபிலிஃபிகேஷன். ஒன்றுக்கும் உதவாதது என்று மதிப்பிடுவது, அவ்வளவே பொருள். அற்பம் என்று பொருள்படும் இலத்தீன் சொற்கள் நான்கை அடுக்கி, பள்ளியிலக்கணம் படித்தவர்கள் வேடிக்கையாகக் கட்டியது. 2018இல் பாராளுமன்ற உறுப்பினர் சசி தரூர் தம் நூலின் விளம்பரத்தில் இதை எடுத்து வீச, நாடே அகராதியைப் புரட்டியது. நூலில் என்ன எழுதியிருந்தார் என்று கேட்டவர் எத்தனை பேரோ! 27 எழுத்தில் இன்னொன்று ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் வருகிறது. அதை அவர் அரசன் வாயிலும் வைக்கவில்லை, அறிஞன் வாயிலும் வைக்கவில்லை. கோமாளியின் வாயில் வைத்தார், படாடோபப் பண்டிதர்களைப் பார்த்துச் சிரிக்க!

28 எழுத்துச் சொல்லொன்று உண்டு. அதன்முன் பகுத்தறிவாளர் சற்று நிற்க வேண்டும். ஆன்டிடிஸ்எஸ்டாபிளிஷ்மென்டேரியனிசம். எழுத்தை எண்ணுவோர் ஆயிரம், பொருளை எண்ணுவோர் அரிது. அரசுக்கும் திருச்சபைக்கும் உள்ள உறவை அறுக்க வேண்டும் என்றது 19ஆம் நூற்றாண்டுப் பிரிட்டனில் ஒரு சாரார். அறுக்கக் கூடாது, அரசின் அரவணைப்பிலேயே மதம் இருக்க வேண்டும் என்றது மறுசாரார். அந்த மறுசாராரின் கொள்கைக்குத்தான் இந்தப் பெயர். வெற்றுச் சண்டையன்று அது. அயர்லாந்து மக்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர். அவர்கள் ஏற்காத திருச்சபைக்கு அரசின் பீடம்! 1869இல் கிளாட்ஸ்டன் கொண்டுவந்த சட்டத்தால், 1871 முதல் அந்தப் பீடம் அகன்றது. வேல்ஸ் நாட்டில் அது அகல 1920 ஆயிற்று. இங்கோ, ஆங்கிலேயர் ஆட்சியில் அதே திருச்சபையின் பாதிரிமார் ஒரு பகுதியினருக்கு இந்நாட்டு வருவாயிலிருந்து சம்பளம் போயிற்று. ஏர்பிடித்தவனின் வரி எங்கெல்லாம் சென்றது பாருங்கள்! மதத்துக்கும் அரசுக்கும் என்ன உறவு என்ற மாபெரும் கேள்வி அச்சொல்லுக்குள் உறங்குகிறது. நம் பிள்ளைக்கு அதன் எழுத்துக் கணக்கை மட்டும் கற்பித்து, கேள்வியை மறைத்துவிட்டார்களே, இது கல்வியா, கழைக்கூத்தா?

"விளையாட்டுக்குத்தானே ஐயா, ஏன் இத்தனை வெப்பம்?" என்பர் சிலர். விளையாட்டென்றால் விளையாட்டின் கணக்கையே பார்ப்போம். ஸ்கிராபிள் என்னும் சொல்லாட்டத்தை ஆக்கியவர் ஆல்பிரட் பட்ஸ். 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் வேலையிழந்த கட்டடக் கலைஞர். பலகையின் ஒரு வரிசையில் 15 கட்டம், ஆடுவோர் கையில் 7 எழுத்து. 45 எழுத்துச் சொல்லை எங்கே வைப்பீர்? பலகையைத் தாண்டி, மேசையைத் தாண்டி, வாசற்படியில்தான் வைக்க வேண்டும்! ஆட்டத்தில் தேர்ந்தவர் மனப்பாடம் செய்வது இரண்டெழுத்து, மூன்றெழுத்துச் சொற்களை. நெடுஞ்சொல் பட்டியல் விற்கிறவர் சொல்லாட்டத்துக்கும் உதவுவதில்லை என்பதே உண்மை.

நியூசிலாந்தில் பிறந்த நைஜல் ரிச்சர்ட்ஸ் என்பார் 2015இல் பிரெஞ்சு மொழி ஸ்கிராபிள் போட்டியில் வென்றார். பிரெஞ்சு பேசத் தெரியாதவர்! சில வாரங்களில் அகராதியை மனத்தில் ஏற்றிக்கொண்டு ஆடினார். 2024இல் ஸ்பானிய மொழியிலும் அவ்வாறே வென்றார். அவரை நாம் பாராட்டுகிறோம். ஏனெனில், பிரெஞ்சு அறிஞர் என்று அவர் தம்மைச் சொல்லிக்கொள்ளவில்லை. பொருள் வேண்டாத ஆட்டம், பொருள் அறியாமல் ஆடினேன் என்ற நேர்மை அங்கே இருக்கிறது. அமெரிக்காவின் எழுத்துக்கூட்டல் போட்டியில் 2019இல் எட்டுச் சிறுவர் சேர்ந்து முதலிடம் பெற்றபோது, எழுவர் இந்திய வழித்தோன்றல்கள். மகிழ்வோம். ஆனால் ஒன்று, எழுத்தும் ஒலியும் தீராப் பகை கொண்ட மொழியிலேதான் எழுத்துக்கூட்டுவதே வீரமாகிறது!

"ஓகோ, ஆங்கிலப் பகைவரோ நீர்?" என்று அடுத்த அம்பு வரும். இந்தியாவின் ஆட்சிமொழியாக இந்தி மட்டும் போதாது, ஆங்கிலம் நீடித்தே தீரவேண்டும் என்று 1965இல் மாணவர்கள் தெருவில் நின்ற மண் இது. உலகைக் காட்டும் பலகணி ஆங்கிலம், அதைத் திறந்தே வைப்போம். பலகணிக் கண்ணாடிக்குச் சரிகை ஒட்டி, வெளியே பார்க்காதே, சரிகையைப் பார் என்கிறார்களே, அதைத்தான் கிழிக்கச் சொல்கிறோம்.

இந்த மருட்சி நமக்குப் புதிதுமன்று. அக்கிராசனாதிபதி என்றால்தான் மதிப்பு, தலைவர் என்றால் மட்டம் என்றிருந்தது ஒரு காலம். அபேட்சகர் என்றால்தான் தேர்தல் நடக்கும், வேட்பாளர் என்றால் நடவாது என்று நம்பினர். உபந்நியாசம் சொற்பொழிவாயிற்று, நமஸ்காரம் வணக்கமாயிற்று. வானம் இடிந்து வீழவில்லை. மாறாக, பின்வரிசையில் கைகட்டி நின்றவன் முன்வரிசைக்கு வந்து பேசினான். சொல் எளிதானதும் மேடை எல்லோருக்கும் உரியதாயிற்று. நெடுஞ்சொல்லைக் காவல் காப்போருக்கு அன்றுபோல் இன்றும் இதுதான் அச்சம்.

இனி மேடையை விட்டு, எண்ணூர்ப் பக்கம் நடப்போம். அனல்மின் நிலையத்துச் சாம்பல் குளம், அதை ஒட்டிச் செப்பாக்கம். காற்றடித்தால் சாம்பல் பறக்கிறது. குழாய் உடைந்தால் கொசஸ்தலை ஆற்றில் சாம்பற் குழம்பு கலக்கிறது. அந்தச் சாம்பலிலும் சிலிக்கா உண்டு. 2023 டிசம்பர் 26 இரவு, பெரியகுப்பத்தின் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு மக்கள் ஓடினர். அம்மோனியா என்ற சொல்லை மூக்கால் கற்றது அந்த ஊர். ஒரு புதிய ஆலையோ துறைமுக விரிவாக்கமோ வருகையில் என்ன நேரும் என்று ஆராய்ந்து அறிக்கை எழுத வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டு அறிவிக்கை. பொதுமக்கள் கருத்தைக் கேட்கவும் சொல்கிறது. நன்று! ஆனால் முழு அறிக்கை ஆங்கிலத்தில், பக்கங்கள் நூற்றுக்கணக்கில். தமிழில் கட்டாயம் வரவேண்டியது சுருக்கம் மட்டுமே. 2020இல் அந்த அறிவிக்கையையே மாற்ற வரைவு வந்தபோது, அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் அதை வெளியிடுக என்று டெல்லி உயர் நீதிமன்றம் ஜூன் 30 அன்று ஆணையிட்டது. ஒன்றிய அரசு என்ன செய்தது? மொழிபெயர்க்க ஆளைத் தேடவில்லை, ஆணையை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்கு வழக்கறிஞரைத் தேடியது!

கேட்டீர்களா? மேடையில் நெடுஞ்சொல்லுக்குக் கைதட்டப் பழகியவன், விசாரணைப் பந்தலிலும் கைதட்டுவான், அல்லது தலைகுனிவான். 'எனக்குப் புரியவில்லை, தமிழில் சொல்' என்று கேட்பது வெட்கம் என்று குழந்தைப் பருவத்திலேயே அவனுக்குக் கற்பித்தாகிவிட்டது. அதிகாரிக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

ஆகவே, இளைஞர்களே, சொல்லாட்டம் ஆடுங்கள். படிப்பகங்களில், தொழிற்சங்கக் கொட்டகைகளில், கடற்கரை மணலில் ஆடுங்கள். ஆட்டத்தின் விதியை மட்டும் மாற்றுங்கள். அரசாணையிலிருந்தோ ஆலையின் அறிவிப்பிலிருந்தோ ஒருவர் ஒரு நெடுஞ்சொல்லை எடுத்துப் போடட்டும். மற்றவர், பாட்டிக்கும் புரியும் தமிழில், ஒரு நிமிடத்துக்குள் விடை சொல்லட்டும். எவர் விடை குறுகியதோ அவருக்கே பரிசு. பார்ட்டிகுலேட் மேட்டர் என்றால் தூசு. எஃப்ளூயன்ட் என்றால் கழிவுநீர். ஃப்யூஜிடிவ் எமிஷன் என்று ஒன்று வரும். புகை ஏதோ சிறையிலிருந்து தப்பிய கைதிபோல் பெயர் சூட்டியிருப்பார்கள், கசிவு என்று சொல்லி முடியுங்கள்.

கடினமான ஒன்றை முதலாட்டத்துக்கே தருகிறேன்: ராஷனலைசேஷன். ஆங்கிலத்தில் சரியாக 15 எழுத்து, ஸ்கிராபிள் பலகையின் ஒரு வரிசையை முழுதும் அடைக்கும். பகுத்தறிவு என்ற வேர்ச்சொல்லிலிருந்து வந்ததாயிற்றே என்று நம் தோழர்கள் களிப்போடு பாய்வார்கள். 1955இல் கான்பூர் ஆலைத் தொழிலாளர் 80 நாள் வேலைநிறுத்தம் செய்தது இந்தச் சொல்லை எதிர்த்துத்தான். நிருவாகிகள் அகராதியில் அதற்கு 'சீரமைப்பு' என்று பொருள் போட்டிருக்கும். ஆலை வாயிலில் அறிவிப்பைப் படித்துவிட்டுச் சோற்றுத்தூக்கோடு திரும்பி வந்தவனைக் கேளுங்கள். "வேலை போச்சு" என்பான். இரண்டே சொல், பரிசு அவனுக்கே.